அழியாத கட்டங்கள்: ஆலன் டூரிங் வாழ்க்கை

கணிப்பொறியின் பொத்தானை அழுத்துகிறோம். திரையில் வெளிச்சம் பரவுகிறது. சில்லில் பதித்த சிறு தொடக்க நிரல் ஒன்று, இயங்குதளத்தின் உயிர்நாடியான கெர்னலை நினைவகத்துக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. அதன்பின் கெர்னல் தனியே நிற்கிறது. வட்டை எவ்வாறு படிப்பது என்பதுகூட அதற்குத் தெரியாது. படிக்கக் கற்பிக்கும் நிரலோ வட்டிலேயே கிடக்கிறது! பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதைதான் இது.

இதற்கு ஓர் எளிய வழி உண்டு. தொடக்கத்துக்கு வேண்டிய சில கோப்புகளை ஒரே மூட்டையாகக் கட்டி, கெர்னலோடு சேர்த்தே நினைவகத்தில் ஏற்றிவிடுவது. மூட்டையைப் பிரித்துப் படிக்கலாம். அதில் எதையும் எழுத முடியாது. படிக்க மட்டுமான நினைவகக் கோப்பு முறைமை என்று இதனைச் சொல்லலாம். இந்தப் பருவத்தில் அத்தகைய சிறு முறைமை ஒன்றை வடிவமைக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. அதற்காகப் பழைய ஆய்வுக் கட்டுரைகளைப் புரட்டியபோது, இக்கருத்தின் வித்து 1936ஆம் ஆண்டில், மின்னணுக் கணிப்பொறி பிறப்பதற்கு முன்பே, ஓர் இளைஞரின் கட்டுரையில் கிடப்பதைக் கண்டேன். அவர் பெயர் ஆலன் டூரிங். அவருடைய வாழ்க்கையைத் தமிழ் நண்பர்களுக்குச் சொல்ல வேண்டும் என்னும் ஆவல் அன்றே எழுந்தது.

பிறப்பும் பிரிவும்

ஆலன் டூரிங் 1912ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் நாள் இலண்டனில் பிறந்தார். பிறந்தது இலண்டன் என்றாலும், அவருடைய குடும்பத்துக்கும் நம் மண்ணுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. தாயார் எதெல் சாரா ஸ்டோனி 1881இல் நம் போத்தனூரில் பிறந்தவர். தாய்வழிப் பாட்டனார் எட்வர்டு வாலர் ஸ்டோனி, மதராஸ் இரயில்வேயின் தலைமைப் பொறியாளராக விளங்கியவர். தந்தையார் ஜூலியஸ் டூரிங், சென்னை மாகாணத்தில் ஐ.சி.எஸ். அலுவலர். அண்ணன் ஜான் 1908இல் குன்னூரில் பிறந்தார். ஆலன் பிறப்பதற்கு முன் தந்தையார் பணியாற்றிய சத்ரபூர், அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. இன்று ஒடிசாவில் இருக்கிறது. கோவை வழியாக ஊருக்குச் செல்லும் நம்மில் சிலர், போத்தனூர் நிலையத்தைச் சன்னல் வழியே பார்த்திருப்போம். இனிப் பார்க்கும்போது இவரும் நினைவுக்கு வரலாம்.

ஆனால் ஆலன் இந்தியாவைக் கண்டதே இல்லை. குழந்தைகளுக்கு இந்தியத் தட்பவெப்பம் ஆகாது என்று கருதிய பெற்றோர், 1913இல் தாங்கள் மட்டும் கப்பலேறினர். ஒன்றரை வயதுகூட நிரம்பாத ஆலனும் அண்ணனும், இங்கிலாந்தின் தென்கரையில் ஓய்வுபெற்ற படை அலுவலர் ஒருவரின் இல்லத்தில் விடப்பட்டனர். தந்தையார் 1926இல் பணியிலிருந்து விலகும் வரையில், பெற்றோருடன் சேர்ந்திருந்த காலம் விடுமுறைக் காலமாகவே இருந்தது. பதினேழு பதினெட்டு வயதில் வீட்டை விட்டு வந்த நமக்கே விடுதியின் முதல் மாதம் எப்படி இருந்தது என்பது தெரியும். அக்குழந்தையின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பள்ளியும் நட்பும்

1926இல் ஷெர்போர்ன் பள்ளியில் சேர வேண்டிய நாளில் இங்கிலாந்து முழுவதும் பொது வேலைநிறுத்தம். இரயில்கள் ஓடவில்லை. பதின்மூன்று வயதுச் சிறுவன் சௌதாம்ப்டன் துறைமுகத்திலிருந்து பள்ளி வரை ஏறத்தாழ 60 மைல் தொலைவை மிதிவண்டியிலேயே கடந்தான். வழியில் ஒரு விடுதியில் இரவைக் கழித்து, மறுநாள் பள்ளியை அடைந்தான். பிற்காலத்தில் அவர் எந்தச் சிக்கலையும் இதே போலத்தான் அணுகினார். வண்டி வரவில்லையா? தாமே மிதிப்பது.

பள்ளியில் ஆலனின் கையெழுத்து மோசம். ஆசிரியர்களின் குறைகூறல் மிகுதி. அங்கே கிடைத்த பெருஞ்செல்வம் கிறிஸ்டோபர் மோர்காம் என்னும் நண்பர். இருவரும் வானியலும் கணிதமும் பேசினர். 1930 பிப்ரவரியில் அந்த நண்பர் நோயால் இறந்தார். ஆலன் உள்ளத்தில் அந்த இழப்பு ஆறாப் புண்ணாயிற்று. நண்பர் செய்ய நினைத்த அறிவியல் பணியைத் தாம் செய்தாக வேண்டும் என்று அவர் உறுதி பூண்டார்.

நாடாவும் கட்டங்களும்

1931இல் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். 1935இல், 22 வயதிலேயே, அக்கல்லூரியின் ஆய்வுறுப்பினர் ஆனார். அந்த ஆண்டு மேக்ஸ் நியூமன் என்னும் பேராசிரியரின் வகுப்பில் ஒரு வினா அவரைப் பிடித்துக்கொண்டது. எந்தக் கணிதக் கூற்றைக் கொடுத்தாலும், அது நிறுவத்தக்கதா அன்றா என்று தீர்ப்புச் சொல்லும் பொதுவான இயந்திர முறை ஒன்று உண்டா? ஜெர்மானிய அறிஞர் ஹில்பர்ட் எழுப்பிய வினா இது. மற்றவர்கள் இயந்திர முறை என்பதை உவமையாகக் கொண்டனர். டூரிங் அதனை உண்மையான இயந்திரமாகவே எடுத்துக்கொண்டார். கிராண்ட்செஸ்டர் புல்வெளியில் படுத்திருந்தபோது விடைக்கான வழி தோன்றியது.

முடிவில்லாத நீளமுள்ள ஒரு நாடா. அது கட்டம் கட்டமாகப் பிரிக்கப்பட்டது. பொறி ஒரு நேரத்தில் ஒரு கட்டத்தை மட்டும் பார்க்கும். பார்த்த குறியையும் தன் நிலையையும் ஒரு பட்டியலோடு ஒப்பிடும். பட்டியல் சொல்வதற்கேற்ப ஒரு குறியை எழுதும், அல்லது அழிக்கும், அல்லது ஒரு கட்டம் நகரும். இவ்வளவே அதன் வேலை. இத்தகைய பொறியால் தீர்க்க முடியாத வினாக்கள் உண்டு என்று காட்டி, ஹில்பர்ட்டின் வினாவுக்கு இல்லை என்று விடை கூறினார். அமெரிக்காவில் அலான்சோ சர்ச் என்பவரும் தனியே வேறு வழியில் அதே முடிவை அடைந்திருந்தார். டூரிங்கின் கட்டுரை 1936 மே மாதம் இலண்டன் கணிதக் கழகத்துக்குச் சென்று சேர்ந்தது. அப்போது அவருக்கு வயது 23. எனக்கும் இப்போது அதே வயது; அதனைச் சொல்லிக்கொள்ளவே கூச்சமாக இருக்கிறது.

அந்தக் கட்டுரையில் என்னைக் கவர்ந்த நுட்பம் ஒன்று உண்டு. நாடாவின் கட்டங்களை ஒன்றுவிட்டு ஒன்றாக அவர் இருவகை ஆக்கினார். ஒருவகைக் கட்டங்களில் எழுதியது எழுதியதுதான். அதனை ஒருபோதும் அழிப்பதில்லை. மற்றவகைக் கட்டங்கள் அடையாளம் இடுவதற்கும், தற்காலிகக் குறிப்புக்கும் உரியவை, எழுதலாம், அழிக்கலாம். கணக்குத் தாளில் ஓரத்தில் பென்சிலால் போட்டு அழிக்கும் குறிகளைப் போன்றவை இவை.

அடுத்து, எல்லாப் பொறிகளின் வேலையையும் செய்யவல்ல ஒரே பொதுப்பொறியை அமைத்தார். மற்றொரு பொறியின் செயற்பட்டியல் முழுவதையும் ஏழே குறிகளால் எழுதி, பொதுப்பொறியின் நாடாவின் தொடக்கத்தில், அழிக்காத கட்டங்களில் வைத்துவிடுவது. கட்டளைகளைப் பிரித்துக் காட்ட அரைப்புள்ளி. பட்டியல் முடிந்த இடத்தில் இரட்டை முக்காற்புள்ளி. பொதுப்பொறி ஒவ்வொரு முறையும் அப்பட்டியலுக்குள் சென்று, கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒப்பிட்டு, தனக்கு வேண்டியதைக் கண்டுபிடித்து, அதன்படி நடக்கும். ஓரக் கட்டங்களில் அடையாளம் இடும். பட்டியலின் ஓர் எழுத்தைக்கூட மாற்றாது.

நான் வடிவமைத்த கோப்பு முறைமை இதிலிருந்து எவ்வளவு வேறுபட்டது? மூட்டையின் தலைப்பில் கோப்புகளின் எண்ணிக்கை. பிறகு கோப்புக்கு ஒரு வரி: பெயர், தொடங்கும் இடம், நீளம். அதன்பின் கோப்புகளின் உள்ளடக்கம் வரிசையாக. ஒரு கோப்பைப் பெயர் சொல்லிக் கேட்டால், முதல் வரியிலிருந்து ஒப்பிட்டுக்கொண்டே போவது. இருபது முப்பது கோப்புகளுக்கு இதற்கு மேல் நுட்பம் வேண்டியதில்லை. எழுதுவது இல்லையாதலால், காலியிடக் கணக்கு இல்லை. இருவர் ஒரே நேரத்தில் எழுதிக் குழப்புவது இல்லை. மின்சாரம் போனால் பாதி எழுதிய கோப்பு என்னும் அச்சமும் இல்லை. திறத்தல், படித்தல், மூடுதல் ஆகிய மூன்றே செயல்கள். ஒன்றை மட்டும் மறக்கலாகாது: படிக்கக் கேட்கும் நீளம் கோப்பின் எல்லையைத் தாண்டுகிறதா என்று ஒவ்வொரு முறையும் சரிபார்க்க வேண்டும். எல்லை தாண்டினால் அடுத்த கோப்பின் செய்தி இவன் கைக்குப் போய்விடும்.

போர்க்காலம்

1936 முதல் 1938 வரை அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் சர்ச்சிடம் பயின்று முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பினார். 1939 செப்டம்பரில் போர் மூண்டது. மறுநாளே பிளெட்ச்லி பார்க் என்னும் இடத்தில் இரகசியச் செய்திகளை உடைக்கும் பணியில் அமர்ந்தார்.

ஜெர்மானியப் படைகள் எனிக்மா என்னும் பொறியால் செய்திகளை மறைத்து அனுப்பின. அதன் உருளைகளின் உட்கம்பிப் பிணைப்பு மாறாதது. நாள்தோறும் மாறுவது அவற்றை வைக்கும் முறை. மாறாத பகுதியை 1932இலேயே கண்டறிந்தவர் போலந்துக் கணித அறிஞர் மாரியன் ரெயெவ்ஸ்கி. போருக்குச் சற்று முன் போலந்து அறிஞர்கள் தங்கள் அறிவு முழுவதையும் ஆங்கிலேயருக்கு வழங்கினர். அவர்கள் இல்லையேல் பின்வந்த வெற்றி எளிதில் கிட்டியிராது. இதனை மறைத்துச் சொல்வது முறையன்று. மாறும் பகுதியை நாள்தோறும் கண்டுபிடிக்க, பாம் எனப்படும் மின்பொறியை டூரிங் வடிவமைத்தார். கோர்டன் வெல்ச்மன் என்பவர் அதனைச் செம்மைப்படுத்தினார். முதற்பொறி 1940 மார்ச்சில் வந்து சேர்ந்தது. கப்பற்படைச் செய்திகளை உடைத்த எட்டாம் எண் குடிலுக்கு டூரிங் தலைமை தாங்கினார். அட்லாண்டிக் கடலில் உணவும் ஆயுதமும் ஏற்றி வந்த கப்பல்கள் பல, நீர்மூழ்கிகளின் கண்ணில் படாமல் கரை சேர்ந்தன. 1946இல் அரசு அவருக்கு விருது அளித்தது. எதற்காக என்று ஊரார் அறியலாகாது. அந்த இரகசியம் 1970களின் நடுப்பகுதி வரை காக்கப்பட்டது. பெற்ற தாய்க்கும் அவர் சொல்லவில்லை.

பாதரசக் குழாய்கள்

போர் முடிந்தபின், 1945 அக்டோபரில் டெடிங்டனிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். நாடாவில் கண்ட பொறியை உலோகத்தில் காண வேண்டும் என்பது அவர் விருப்பம். சில மாதங்களிலேயே ஏஸ் என்னும் கணிப்பொறிக்கு முழுத் திட்டம் வரைந்து கொடுத்தார். 11,200 பவுன் செலவாகும் என்றுகூட அதில் கணக்கிட்டிருந்தார்.

நினைவகமே அத்திட்டத்தின் உயிர். பாதரசம் நிரப்பிய நீண்ட குழாயின் ஒரு முனையில் ஒலித்துடிப்புகளை அனுப்பினால், அவை மறுமுனையை அடைய ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு நொடி ஆகும். அடைந்ததும் அவற்றைப் புதுப்பித்து மீண்டும் முதல் முனைக்கே அனுப்பினால், செய்தி சுற்றிக்கொண்டே இருக்கும். இவ்வாறு ஒரு குழாயில் 1,024 பிட்டுகள். இன்று நான் ஒரு கோப்பின் பெயருக்கு ஒதுக்கும் இடம் 32 பைட்டுகள். நான்கு பெயர்களிலேயே அக்குழாய் நிரம்பிவிடும். அவர் சிக்கனத்தை விரும்பியதில் வியப்பில்லை.

அடிக்கடி வேண்டிய கட்டளைத் தொகுதிகளை ஒருமுறை எழுதித் துளையட்டைகளில் நிலையாக வைத்து, வேலைக்கு ஏற்ப நினைவகத்துக்குக் கொண்டுவரலாம் என்று அவர் திட்டமிட்டார். ஒரு தொகுதிக்குள் நுழையுமுன் திரும்ப வேண்டிய இடத்தைக் குறித்து வைப்பதற்குப் புதைத்தல் என்றும், முடிந்ததும் அதனை மீட்பதற்குத் தோண்டியெடுத்தல் என்றும் பொருள்படப் பெயரிட்டார். நாம் இன்று அடுக்கு என்று படிப்பதன் வித்து இது.

ஏஸ் பொறியில் எண்களும் கட்டளைகளும் ஒரே நினைவகத்தில் இருந்தன. ஆகவே பொறி தன் கட்டளைகளைத் தானே மாற்றவும் முடியும். இது பேராற்றல், பேரிடரும்கூட. இதனை நான் ஏட்டில் கற்கவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன். கோப்பைப் படிக்கக் கேட்ட நிரலுக்கு உள்ளடக்கத்தின் படியைத் தராமல், நேரம் மிச்சமாகட்டும் என்று நினைவக முகவரியையே தந்துவிட்டேன். அந்த நிரலில் இருந்த பிழை, கோப்பின் தொடக்கத்துக்கு முந்திய இடத்தில் எழுதி, பெயர்ப் பட்டியலின் ஓர் எழுத்தை மாற்றிவிட்டது. இருந்த கோப்பு இல்லை என்று வந்தது. இரண்டு இரவுகள் தூக்கமின்றித் தேடினேன். எழுதும் செயலை நான் அமைக்கவில்லை என்பது உண்மை. எழுத முடியாதபடி காக்கவும் இல்லை என்பதும் உண்மை. இரண்டும் ஒன்றல்ல.

பிறகு, அந்த நினைவகப் பக்கங்களுக்கு எழுதலாகாது என்னும் தடைக்குறி இட்டேன். அப்போதும் பிழை தொடர்ந்தது. என் சிறு கெர்னலில் எல்லா நிரல்களும் கெர்னல் நிலையிலேயே ஓடின. இன்டெல் வகைச் செயலிகளில் எழுதுதடைப் பிட்டு என்ற ஒன்றையும் ஏற்றினாலன்றி, கெர்னல் நிலையில் உள்ளவன் அந்தத் தடையை மதிக்க வேண்டியதில்லை. அதனையும் ஏற்றிய பிறகே, தவறு செய்த நிரல் செய்த இடத்திலேயே பிடிபட்டது.

ஏஸ் திட்டம் காலந்தாழ்ந்தது. மனம் சலித்த டூரிங் 1948இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அவர் வரைந்த திட்டத்தின் சிறிய வடிவம் 1950 மே 10ஆம் நாள் டெடிங்டனில் தன் முதல் நிரலை இயக்கியபோது, அவர் அங்கு இல்லை. மான்செஸ்டரில் கணிப்பொறிக்கு நிரல் எழுதும் கையேடு எழுதினார். பொறி சிந்திக்குமா என்னும் வினாவை ஆராயும் புகழ்பெற்ற கட்டுரையை 1950இல் வெளியிட்டார். 1951இல் ராயல் சங்கத்தின் உறுப்பினர் ஆனார். விலங்குகளின் தோலில் புள்ளியும் வரியும் தோன்றும் விதத்துக்குக் கணிதம் கண்டார். ஓட்டத்திலும் வல்லவர், 1947இல் மாரத்தான் தூரத்தை 2 மணி 46 நிமிடத்தில் ஓடி முடித்தார்.

இறுதிக் காலம்

1952 சனவரியில் அவர் வீட்டில் திருட்டு நடந்தது. காவலரிடம் முறையிட்டார். விசாரணையின்போது, தமக்கு ஓர் ஆடவருடன் உறவு இருந்ததை அவர் மறைக்கவில்லை. அந்நாளில் அது இங்கிலாந்தில் குற்றம். 1885ஆம் ஆண்டுச் சட்டம் அதனைத் தண்டித்தது. திருட்டுக் கொடுத்தவரே குற்றவாளிக் கூண்டில் நின்றார். சிறைக்குச் செல்லாதிருக்க வேண்டுமானால், உடலின் இயல்பை மாற்றும் ஹார்மோன் மருந்தை ஓராண்டு ஏற்க வேண்டும் என்பது தீர்ப்பு. ஏற்றார். நாட்டைக் காத்தவருக்கு, நாட்டின் இரகசியப் பணியில் இனி இடமில்லை என்று கதவும் அடைக்கப்பட்டது. 1954 ஜூன் 7ஆம் நாள் வில்ம்ஸ்லோவிலுள்ள தம் இல்லத்தில் சயனைடு நஞ்சினால் உயிர் நீத்தார். அவருக்கு அப்போது வயது 41. தற்கொலை என்று விசாரணை முடிந்தது. போத்தனூரில் பிறந்த அந்தத் தாய் மட்டும் அது விபத்தே என்று இறுதிவரை நம்பினார். மகனின் வரலாற்றை எழுதி 1959இல் வெளியிட்டார்.

2009இல் பிரிட்டன் பிரதமர் மன்னிப்புக் கோரினார். 2013 டிசம்பரில் அரசியார் மன்னிப்பு ஆணை வழங்கினார். 2021இல் 50 பவுன் நோட்டில் அவர் உருவம் அச்சாயிற்று. நம் நாட்டிலும், ஆங்கிலேயர் 1860இல் இயற்றிவிட்டுப் போன தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு, வயதுவந்த இருவர் மனமொப்பி வாழ்வதைக் குற்றமாக்கிய அளவுக்குச் செல்லாது என்று 2018 செப்டம்பர் 6ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டூரிங்குக்கு இவற்றால் பயன் ஒன்றுமில்லை. இன்று விடுதி அறையில் தன்னைப் பற்றி யாரிடமும் சொல்ல அஞ்சியிருக்கும் மாணவனுக்கோ மாணவிக்கோ பயன் உண்டு. சட்டம் மாறிவிட்டது, பக்கத்து அறையில் இருக்கும் நாம் மாறினோமா என்பதுதான் கேள்வி.

எதை அழிக்கலாம், எதை அழிக்கலாகாது என்று நாடாவில் கோடு கிழித்துக் காட்டியவர் டூரிங். ஒரு மனிதனின் இயல்பு, அதிகாரத்தில் இருப்பவர் அழித்துத் திருத்தி எழுதுவதற்கு வைத்த கட்டம் அன்று. அதனை மதிக்க அவருடைய நாட்டுக்கு அறுபது ஆண்டுகள் பிடித்தன. தடை இருந்தும் அதிகாரம் உள்ளவன் எழுதிவிடலாம் என்று என் கெர்னல் எனக்குக் காட்டியபோது, அந்த மனிதரைத்தான் நினைத்துக்கொண்டேன்.

என் சிறு கோப்பு முறைமை இப்போது பிழையின்றி ஓடுகிறது. அதில் வைத்த முதல் கோப்பு ஒரு சிறு உரைக்கோப்பு. பொறி விழித்ததும் அதனைத்தான் திரையில் காட்டும். அதில் இரண்டே வரிகள்: ஆலன் டூரிங் என்னும் பெயர், 1912–1954 என்னும் ஆண்டுகள். அந்தக் கோப்பை இனி எந்த நிரலாலும் அழிக்க முடியாது.